கபித்தான் உர்பானோவின் குவிந்த உதடு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கடல்மேல் ஆணை, என் டிரைசிக்கிள்மேல் ஆணை, இன்னும் என்னோடு ஒத்துழைக்கும் நான்கு பற்கள்மேல் ஆணை. குழந்தை ஏசு படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அது இருமுறை அணைந்தது. காற்று.

எங்கள் கலிம்பயான் தீவுப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. ஒரு புயல் அதைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. சில நாள் கழித்து, பக்கத்துத் தீவு மீனவர் ஒருவர் அந்தக் கதவின்மேல் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். கையசைத்தேன். அவரும் கையசைத்தார். நடுக்கடலில் ஒருவரைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் பொருளைக் கேட்பது மரியாதையாகப் படவில்லை.

அதிலிருந்து பிள்ளைகள் ஜோடியாகப் போவார்கள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி வாசலில் குடையை விரித்துப் பிடித்தபடி. இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை கொடியேற்றும் நேரத்தில் முதல் வகுப்புப் பிங்பிங் உள்ளே இருந்தாள். குடை பிடித்தவள் ஆறாம் வகுப்பு ஜெசில். தென்மேற்குக் காற்று ஒன்று வந்தது. குடை மேலே போனது. ஜெசில் குடையை விடாத பிள்ளை. அவளும் கூடவே போய்ப் பலாமரத்தில் இறங்கினாள். அந்த நேரம் பார்த்துத் தேசிய கீதம் ஆரம்பித்துவிட்டது. கீதம் முடியும்வரை யாரும் அசையக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது. மொத்தப் பள்ளியும் நெஞ்சில் கைவைத்து நேரே பார்த்துக்கொண்டு பாடியது. நேரே இருந்தது கழிப்பறை. பிங்பிங்குக்கும் தேசபக்தி உண்டு. உட்கார்ந்தபடியே கவுனை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டு, அவளும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்தவள்தான். சோறு அங்கே, தூக்கம் அங்கே. அம்மா விளக்குமாற்றால் குத்திப் பார்த்தாள். பங்குச்சாமியார் வந்து குனிந்து பேசிப் பார்த்தார். நிமிர முடியாமல் அவரைத்தான் நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“கதவு வந்தா சொல்லுங்க. அப்ப வர்றேன்,” என்றது கட்டிலின் அடி.

பிங்பிங்கின் அக்கா ரோஸ்மிந்தா ஆறாம் வகுப்பு. அவள்தான் மாணவர் தலைவர் தேர்தலில் நிற்பதென்று முடிவு செய்தாள். காரணம், எங்கள் ஊர் வழக்கம் ஒன்று. கபித்தான் உர்பானோ நாளன்று மேயர் பள்ளிக்கு வருவார்; மாணவர் தலைவர் என்ன கேட்டாலும் ஒன்றே ஒன்று தந்தாக வேண்டும். இதுவரை வந்த தலைவர்கள் எல்லோரும் பையன்கள். எல்லோரும் கூடைப்பந்து வளையம் கேட்டார்கள். நாலு வளையம் ஆகிவிட்டது. நாலாவதற்கு இடமில்லாமல் தலைமையாசிரியை காபாஹுக் டீச்சரின் நாற்காலிக்கு மேலே மாட்டியிருக்கிறது. அவர் கையெழுத்துப் போடும்போது அவ்வப்போது ஒரு பந்து மடியில் வந்து விழும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறு கையெழுத்துப் போடுவார்.

கபித்தான் உர்பானோ யாரென்று கலிம்பயானில் கேட்டால் நாய்கூடக் கடிக்கும். ஸ்பானியர் காலத்தில் வரி வாங்க வந்த பீரங்கிக் கப்பலை ஒற்றை ஆளாய் விரட்டியவர். கப்பலைக் கரையோர மரத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். விடியற்காலையில் கபித்தான் தனியாகப் போய், கயிற்றை ஒரே வெட்டில் வெட்டினார். நீரோட்டம் கப்பலை இழுத்துப் போய்ப் பாறையில் ஏற்றியது. அந்த வருடம் தீவில் யாரும் வரி கட்டவில்லை. அது பழகிப்போய்ப் பலர் இன்றுவரை கட்டுவதில்லை.

ஊர்ச் சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. வலக்கையில் அரிவாள். இடக்கை கால்சட்டையின் இடுப்பைப் பிடித்திருக்கும். முழங்கால் இரண்டும் ஒட்டியிருக்கும். நெற்றி சுருங்கி, உதடு குவிந்திருக்கும். நாலாம் வகுப்பில் இதற்கு ஐந்து மார்க்கில் ஒரு கேள்வி உண்டு. இடுப்பில் கை: தன்னடக்கம். ஒட்டிய முழங்கால்: ஒழுக்கம். சுருங்கிய நெற்றி: அந்நியன்மேல் கோபம். குவிந்த உதடு: போர்ச் சீழ்க்கை. ரோஸ்மிந்தா ஐந்துக்கு ஐந்து வாங்கியவள்.

அவள் என்னிடம் வந்த நாளைச் சொல்கிறேன். நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். பழுது பார்ப்பதற்கல்ல, நிழலுக்கு. என் பெயர் திமோ; எங்கள் பக்கம் தாத்தாவை லோலோ என்பார்கள், பெண் பிள்ளையை இந்தாய் என்போம்.

“லோலோ திமோ, உங்க வண்டி எனக்குப் பிரசாரத்துக்கு வேணும்.”

“இந்தாய், இது மீன் விக்கிற வண்டிம்மா.”

“ஒலிபெருக்கி இருக்கில்ல?”

“இருக்கு. ஆனா அதுல எங்க வீட்டுக்காரி குரல் மாட்டிக்கிச்சே.”

பொய்யில்லை. என் மனைவி பாசிதா மீன் விற்பதற்காக ஒருமுறை குரல் பதிவு செய்து கொடுத்தாள். பெட்டிக்குள் கடல்தண்ணீர் போய்விட்டது. அன்றிலிருந்து யார் என்ன பேசினாலும் நடுவில் அவள் வந்துவிடுவாள். பாசிதா மகளோடு மணிலாவுக்குக் குடிபோய்ப் பல வருடமாகிறது. குரல் மட்டும் போக மறுத்துவிட்டது.

“பரவால்ல. மீன் வாங்க வர்றவங்களும் யாருக்காச்சும் அப்பா அம்மாதானே,” என்றாள் ரோஸ்மிந்தா.

“கூலி?”

“புட்டோ. எங்கம்மா அரிசி மாவுல அவிக்கிறது. தினம் ரெண்டு.”

“ரெண்டுதானா?”

“உங்களுக்கு நாலு பல்லுதானே லோலோ. பல்லுக்கு அரைன்னு கணக்குப் பண்ணினேன்.”

வாதத்தில் ஓட்டை இல்லை. வண்டியை எடுத்தேன்.

“ஜெயிச்சா என்ன கேக்கப் போற? வளையமா?”

“கதவு.”

“வெறும் கதவா?”

“தாழ்ப்பாளோட.”

இப்படியாகத் தீவு முழுக்கச் சுற்றினோம். ரோஸ்மிந்தா ஒலிவாங்கியைப் பிடித்து, “அன்பான மாணவர்களே, ரோஸ்மிந்தாவுக்கு ஓட்டுப் போடுங்க! ஜெயிச்சதும் நான் கொண்டுவரப் போறது...” என்பாள். “கானாங்கெளுத்தி! கண்ணு சிவக்காத கானாங்கெளுத்தி!” என்று பாசிதா முடிப்பாள். சத்தம் கேட்டு வழியெங்கும் தேங்காய் உதிர்ந்தது. வாரக் கடைசியில் பாதித் தீவு அவளைக் கானாங்கெளுத்திக் கட்சி என்று அழைத்தது. மீனவர் குப்பத்தில் அதற்கு நல்ல ஆதரவு.

எதிராளி டெக்ஸ்டர். கபித்தான் உர்பானோவின் நேர் வாரிசு, ஐந்தாவது தலைமுறை. அவன் அப்பாவுக்கு ஐஸ் கம்பெனி. லாரியில் போவான்; போகிற வழியெல்லாம் பாக்கெட் ஐஸ் வீசுவான். அத்தை பிள்ளைகள் ஆறு பேர் லாரி மேல் நின்று ஆடுவார்கள். கெட்ட பையன் இல்லை. குண்டாக, சிரித்த முகமாக இருப்பான். இடுப்பில் அட்டை அரிவாள் ஒன்று செருகியிருப்பான். உட்கார்ந்தால் அது மடங்கிவிடும்.

சந்தை முனையில் ஒருநாள் இரண்டு வண்டியும் நேருக்கு நேர் வந்துவிட்டன.

“என்ன கதவுக் கட்சி!” என்று லாரியிலிருந்து கத்தினான் டெக்ஸ்டர். “எங்க தாத்தாவோட தாத்தா கப்பல வெரட்டினாரு. உங்க தாத்தா என்னத்த வெரட்டினாரு?”

“கொசு,” என்றாள் ரோஸ்மிந்தா. “தெனமும் வெரட்டினாரு. உங்க தாத்தா மாதிரி ஒரே நாளோட நிறுத்தல.”

கூட்டம் சிரித்தது. டெக்ஸ்டருக்கு ஏறிவிட்டது.

“நான் ஜெயிச்சா அஞ்சாவது வளையம்!”

“எங்கடா மாட்டுவே? எடமே இல்லியே.”

“கதவில்லாத எடம் ஒண்ணு இருக்கே, அங்க மாட்டுவேன்! உங்க பிங்பிங் உக்காந்துகிட்டே பந்து பிடிக்கட்டும்!”

இதற்கு அதிகமாகச் சிரித்தார்கள். ஐஸ் வாயில் இருந்தவர்கள் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். ரோஸ்மிந்தாவின் காது இரண்டும் அவித்த நண்டு நிறத்துக்குப் போனது. “வண்டிய எடுங்க லோலோ,” என்றாள். எடுத்தேன். கிளம்பவில்லை. அவளே இறங்கித் தள்ளினாள்.

தேர்தலுக்கு முந்தின நாள் சதுக்கத்தில் பேச்சு. வேட்பாளர் ஒவ்வொருவரும் சிலையின் கால் கட்டைவிரலைத் தொட்டு, கபித்தானிடமிருந்து தான் கற்றது என்ன என்று சொல்ல வேண்டும். டெக்ஸ்டரின் பரம்பரையே தொட்டுத் தொட்டு அந்தக் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. இப்போது பக்கத்து விரலைத் தொடுகிறார்கள். பேச்சைத் தயார் செய்ய ரோஸ்மிந்தா மத்தியானமே வந்து, வண்டி நிழலில் காகிதத்தோடு உட்கார்ந்தாள். சிலைக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, தள்ளியே உட்கார்ந்தாள்.

“கிட்ட வாயேன், அங்கதான் காத்து வருது.”

“வேணாம் லோலோ. சின்னப் பிள்ளையில இருந்தே அவரு என்னத்தான் கோவமா பாக்கற மாதிரி இருக்கும். ஸ்கூலுக்குப் போறப்ப இந்தப் பக்கமா போனா ஓடித்தான் போவேன்.”

“என்ன எழுதியிருக்கே?”

“வீரம்னு எழுதியிருக்கேன். அப்புறம் வரல.”

“பெருசா எழுது. எடம் அடைஞ்சுரும்.”

அப்போது ஒரு பெண்மணி கூடையோடு வந்து, “மானோங் அண்ணே, பாசிதா கத்தறாளே, மீன் எங்க?” என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். பதில் என்றால், எங்கள் பக்கத்தில் வழி சொல்ல விரலைச் செலவழிப்பதில்லை, வாயையும் திறப்பதில்லை. உதட்டைக் குவித்து அந்தத் திசையில் நீட்டுவோம். வீடு, ஆள், கடை, அடுத்த தீவு எல்லாம் உதட்டிலேயே முடியும். எங்கள் படகோட்டி ஒருவருக்கு உதடு வெடித்த மாதத்தில் படகு மூன்று முறை தவறான தீவுக்குப் போனது.

நான் சந்தைப் பக்கம் உதட்டை நீட்டினேன். பெண்மணி போய்விட்டாள். ரோஸ்மிந்தா என்னையே பார்த்தாள். பிறகு சிலையைப் பார்த்தாள். பிறகு என்னை.

“லோலோ, இன்னொரு தடவ பண்ணுங்க.”

“எத?”

“உதட்ட.”

நீட்டினேன். காகிதத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். பீடத்தின்மேல் ஏறினாள். கபித்தானின் மூக்குக்கு நேரே மூக்கை வைத்து நின்றாள்.

“இவரு சீழ்க்கை அடிக்கல லோலோ.”

“பின்னே?”

“யாருக்கோ வழி காட்டறாரு. ‘அந்தாண்ட போங்க’ங்கறாரு.”

இத்தனை வருடம் தினம் அந்தச் சிலையைச் சுற்றி வண்டி ஓட்டுகிறேன். என் உதடு அந்த வடிவத்தில் ஒரு நாளைக்கு நூறு முறை போகிறது. ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை. வீரர் என்றால் சீழ்க்கைதான் அடிப்பார் என்று நினைத்துவிட்டோம்.

அவள் சிலை பார்க்கும் பக்கம் திரும்பினாள். கடற்கரை. பெரிய நாட்டு வாதாமரம். அதன் பின்னால் தாழம்புதர்.

“அது என்ன எடம்?”

நான் இருமினேன்.

“சொல்லுங்க லோலோ.”

“பழைய எடம்மா. வீட்டுக்கு வீடு கக்கூஸ் வர்றதுக்கு முன்னாடி ஊரு ஆம்பளைங்க விடியக்காலையில... போற எடம்.”

அவள் மறுபடி கபித்தானைப் பார்த்தாள். இடுப்பைப் பிடித்த கையை. ஒட்டிய முழங்காலை. நெற்றியை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இந்த மூஞ்சி எனக்குத் தெரியும்,” என்றாள் மெதுவாக. “பிங்பிங்கோட பத்து மணி மூஞ்சி. குடை பிடிக்க ஆளு வர்ற வரைக்கும் இப்படித்தான் நிப்பா.”

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். “இந்தாய், இத வெளிய சொல்லாத. ஊரு உன்னக் கடல்ல தள்ளிரும்.”

“எனக்கு நீந்தத் தெரியும்.” பீடத்திலேயே, கபித்தானின் காலடியில், சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். “இவரு கோவமா இருக்காருன்னு நெனச்சு இத்தன நாளும் ஓடியிருக்கேனே. பாவம் லோலோ. அவசரம்.”

சாயங்காலம் ஊர் கூடியது. முன்வரிசையில் காபாஹுக் டீச்சர் விசிறியோடு. அவருக்குப் பக்கத்தில் டெக்ஸ்டரின் பெரிய தாத்தா, லோலோ ஓசோ. கபித்தான் வம்சத்தின் மூத்தவர். நெஞ்சு முழுக்க மெடல். எதற்குக் கொடுத்தார்கள் என்று அவருக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது.

டெக்ஸ்டர் விரலைத் தொட்டான். “கபித்தானிடம் நான் கற்றது தன்னடக்கம், ஒழுக்கம், கோபம், சீழ்க்கை,” என்று ஒப்பித்தான். கைதட்டல். பாக்கெட் ஐஸ்.

ரோஸ்மிந்தா விரலைத் தொடவில்லை. சிலைக்குப் பக்கத்தில் போய், அதே மாதிரி நின்றாள். இடுப்பில் கை. முழங்கால் ஒட்டி. நெற்றி சுருக்கி. உதடு குவித்து. கூட்டத்தில் சிலர் பழக்கதோஷத்தில் தாழம்புதர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

“பாத்தீங்களா?” என்றாள். “நீங்களே திரும்பிட்டீங்க. இது சீழ்க்கையா? கையப் பாருங்க. அரணாக் கயிறு அவுந்த மாதிரி பிடிச்சிருக்காரு.”

“ரோஸ்மிந்தா!” என்று எழுந்தார் காபாஹுக் டீச்சர். “அது தன்னடக்கம்!”

“ஆமா டீச்சர். ரொம்ப நேரமா அடக்கிக்கிட்டிருக்காரு.”

டீச்சர் உட்கார்ந்துவிட்டார்.

“அவரு சண்டை போட வரல. தெனமும் வர்ற எடத்துக்கு வந்தாரு. முள்ளு வெட்ட அரிவா கொண்டு வந்தாரு. பாத்தா, அந்த மரத்துலயே கப்பலக் கட்டிட்டு, மேல லாந்தரோட அத்தன பேரு நின்னு வேடிக்கை பாக்கறாங்க. எப்படி உக்காருவாரு? தள்ளிப் போங்கன்னு மரியாதையா உதட்டால சொன்னாரு. அவங்களுக்குப் புரியல. அப்புறம்தான் வெட்டினாரு. அவரு ராஜ்யம் கேக்கல. கொஞ்சம் மறைவு கேட்டாரு. கப்பலையே வெரட்டற அளவுக்கு அது பெரிய விஷயம். என் தங்கச்சி கேக்கறதும் அதேதான். கபித்தான் உயிரோட இருந்தா கானாங்கெளுத்திக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவாரு.”

சதுக்கம் அப்படியே நின்றது. கடல்கூட அரை நிமிடம் அலையை நிறுத்தி வைத்தது. வானிலை நிலையத்தில் இதைக் குறித்து வைக்கவில்லை. அது அவர்கள் அலட்சியம்.

லோலோ ஓசோ கைத்தடியை ஊன்றி எழுந்தார். மெடலெல்லாம் கலகலவென்று நடுங்கியது. அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் வண்டியைக் கிளப்பினேன். கிளம்பவில்லை.

“யாரு சொன்னா உனக்கு?” என்றார்.

ரோஸ்மிந்தா சிலையின் பக்கம் உதட்டை நீட்டினாள்.

கிழவரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று டீச்சர் கைக்குட்டை நீட்டினார். அழவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று பறந்து, டீச்சரின் விசிறியைக் கவ்விக்கொண்டது. மீதியை அவர் பல்லில்லாமல்தான் சொன்னார்.

“எங்கப்பா எனக்குச் சொன்னாரு. அவுங்கப்பா அவருக்குச் சொன்னாரு. ஊருக்குச் சொல்லாத, செலைய எடுத்துருவாங்கன்னாரு. முந்தின நாள் திருவிழா. தேங்காப்பால் நண்டு. பன்னெண்டு நண்டாம்! விடிஞ்சதும் ஓடினாரு. இவரு உதட்ட நீட்ட நீட்ட, கப்பல்காரனுங்க முத்தம் குடுக்கறாருன்னு நெனச்சுக்கிட்டானுங்களாம். மூணு சிப்பாய் பதிலுக்கு முத்தம் குடுத்தானாம். அதுலதான் அவருக்குக் கோவமே வந்துச்சு!”

“அப்ப இந்தச் செல?” என்று யாரோ கேட்டார்கள்.

“மணிலாவுல இருந்து செல செய்யறவன் வந்து, உங்கப்பா எப்படி நின்னாருன்னு எங்கப்பாகிட்டக் கேட்டான். அவரு உள்ளபடி நின்னு காட்டினாரு. அவனும் உள்ளபடி செஞ்சுட்டுப் போனான். அவனுக்கு நம்ம உதடு தெரியாதே!”

“லோலோ!” டெக்ஸ்டர் வெளுத்துப் போயிருந்தான். “எங்கிட்ட ஏன் சொல்லல?”

“உன் வாயி மூடற வாயாடா, டோங் பயலே?”

மறுநாள் ஓட்டு. ரோஸ்மிந்தா ஜெயித்துவிட்டாள் என்றே எல்லோரும் நினைத்தோம். நான் நாலு புட்டோ முன்பணமாகவே வாங்கிச் சாப்பிட்டுவிட்டேன். ஆனால் காலையிலிருந்தே சதுக்கத்தில் ஒரே பிள்ளைகள் கூட்டம். இதுவரை கபித்தானைக் கண்டு பயந்து ஓடியவர்களெல்லாம் அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் வயிற்றுவலி மாத்திரை வைத்துவிட்டுப் போனான். நம்மைப்போலவே நண்டு தின்று, நம்மைப்போலவே அவதிப்பட்டவர் என்று தெரிந்ததும் பாசம் பொங்கிவிட்டது. பொங்கிய பாசத்தோடு போய், அவர் வம்சத்துப் பிள்ளைக்கு ஓட்டுப் போட்டார்கள்.

டெக்ஸ்டர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தான். பலாமரம்வரை குடையை விடாத ஜெசில்கூட அவனுக்குத்தான் போட்டிருந்தாள்.

“கோச்சுக்காதடி,” என்றாள். “கபித்தான் மூஞ்சியப் பாத்தேன். மனசு கேக்கல.”

ரோஸ்மிந்தா வீட்டுக்கு வந்தாள். நான் வாசலில் வண்டியோடு நின்றிருந்தேன். ஜன்னல் வழியாகக் கேட்டது.

“கதவு வந்துருச்சா, அக்கா?”

“இல்லடி.”

“அப்ப நானும் வரல.”

பிறகு கட்டிலுக்கு அடியில் இன்னொரு ஆள் நகர்ந்து போகும் சத்தம்.

“கொஞ்சம் தள்ளிப் படு,” என்றாள் ரோஸ்மிந்தா.

கபித்தான் உர்பானோ நாள் வந்தது. அம்மா விளக்குமாற்றோடு நின்று, பெரியவளை மட்டும் வெளியே எடுத்துப் பள்ளிக்கு அனுப்பினாள். மேயர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். பேண்டு வாசித்தார்கள். மைதானத்தில் மொத்தப் பள்ளியும் வரிசையாக நின்றது, சுற்றிலும் ஊர். தோற்ற வேட்பாளர்கள் பேசக் கூடாது என்பது விதி. ரோஸ்மிந்தா ஆறாம் வகுப்பு வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“தம்பித் தலைவரே!” என்றார் மேயர் ஒலிபெருக்கியில். “என்ன வேணும்? கேளு! மேயர் மாட்டேன்னு சொன்னதே இல்ல!”

டெக்ஸ்டர் மேடையேறினான். “மேதகு மேயர் அவர்களே, எங்களுக்கு அஞ்சாவது...” என்று ஆரம்பித்தவன் நின்றுவிட்டான்.

ரோஸ்மிந்தா வாயைத் திறக்கவில்லை. உதட்டை மட்டும் குவித்து, கழிப்பறைப் பக்கம் நீட்டியிருந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் ஜெசில் நீட்டினாள். ஓட்டு மாற்றிப் போட்ட பாவத்துக்கு அவள் கொஞ்சம் அதிகமாகவே நீட்டினாள். பிறகு ஆறாம் வகுப்புப் பெண்கள் வரிசை. பிறகு ஐந்தாம் வகுப்பு. முதல் வகுப்புப் பொடிசுகள் திசை தெரியாமல் நாலு பக்கமும் நீட்டி, பிறகு திருத்திக்கொண்டார்கள். பையன்கள் நீட்டினார்கள், ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. காபாஹுக் டீச்சர் தன் வாயைக் கையால் மூடப் பார்த்தார். விரலிடுக்கில் உதடு வெளியே வந்துவிட்டது. லோலோ ஓசோ அன்று பல்செட் போடவில்லை. அதனால் அவர் உதடு எல்லோருடையதையும்விட முன்னால் போனது. மீன் வாங்க வந்தவர்கள், பேண்டில் ஊதிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நீட்டினார்கள். இத்தனை உதடு ஒரே பக்கம் இழுத்ததில் கம்பத்தில் கொடி காற்றுக்கு எதிராகப் பறந்தது.

மேயர் மெல்லக் கண்ணாடியைக் கழற்றி, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மேயரின் மனைவியும் பார்த்தார். அந்த வாசலையும், அதில் சாய்த்து வைத்திருந்த குடையையும் பார்த்துவிட்டு, அவர் கணவனைப் பார்த்த பார்வை தனி.

வளையமா, கதவா என்று டெக்ஸ்டர் முகத்தில் ஓடியது தெரிந்தது. நெற்றி சுருங்கியது. கை தானாக இடுப்புக்குப் போனது. பரம்பரை ரத்தம் என்ன செய்யும்? உதடு குவிந்துவிட்டது.

“வளையம் வேணாம் மேயர்,” என்றான். “ஒரு கதவு குடுங்க.”

“தாழ்ப்பாளோட!” என்றாள் ரோஸ்மிந்தா. விதி மீறல்தான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

மேயருக்கு முகம் விழுந்துவிட்டது. வளையமென்றால் பலகையில் தன் பெயரைப் பெரிதாக எழுதலாம். எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். கதவில் என்ன கிடைக்கும்? கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் விளக்கெரிந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த வாரமே கதவு வந்தது. நல்ல கனமான பலகை. மேலிருந்து கீழ்வரை மேயரின் படம், கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தபடி. கீழே கொட்டை எழுத்தில்: உங்கள் மேயரின் அன்புப் பரிசு. தச்சர் படம் உள்பக்கம் வருமாறு மாட்டிவிட்டுப் போய்விட்டார். முதலில் உள்ளே போனவள் ஜெசில். தாழ்ப்பாள் போட்டாள், திரும்பினாள், மேயரைப் பார்த்தாள், பெயர்ந்து வந்த தாழ்ப்பாளோடு வெளியே வந்தாள்.

பிங்பிங்கைக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஆய்வுக்கு அழைத்து வந்தார்கள். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“அந்த ஆளு உள்ள இருக்காரு. வெளிய அனுப்புங்க.”

தாழ்ப்பாளை மறுபடி அடித்து, கதவைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். இப்போது மேயர் வெளியே நின்று, வரிசையில் காத்திருப்பவர்களைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டுகிறார். அவசரமாக இருப்பவர்களுக்கு அது ஓர் ஊக்கம் என்று டீச்சர் சொல்கிறார். அடுத்த வருடம் ஐந்து மார்க் கேள்வியாக வரலாம்.

பிங்பிங் இரண்டாம் முறை எட்டிப் பார்த்தாள். கதவைத் தள்ளிப் பார்த்தாள். தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். டக் என்று சத்தம் கேட்டது. உள்ளிருந்து தேசிய கீதம், சுருதி விலகாமல், கடைசிவரை.

வாசலில் ரோஸ்மிந்தா நின்றுகொண்டிருந்தாள். பழக்கத்தில் இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருந்தாள், குடையில்லாமல். பிறகு கையைக் கீழே போட்டாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், கடைசியில் டெக்ஸ்டர் கொடுத்த பாக்கெட் ஐஸை வாங்கிக்கொண்டாள்.

இதைப் படித்துவிட்டு அந்தக் கதவைப் பார்க்க யாராவது படகேறி வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கலிம்பயானில் பள்ளிக்கூடம் இன்னும் கட்டவில்லை, மூன்று மேயர்கள் நாட்டிய மூன்று அடிக்கல் மட்டும் இருக்கிறது.